அச்சை எங்கே வைப்பது?

நேயர்களுக்கு வணக்கம். தென்னாப்பிரிக்காவில், நம் டர்பனைச் சுற்றியுள்ள சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டொங்காட் பக்கம் வெல்டிங் தெரிந்தவர்கள் நம்மில் நிறையப் பேர். கேட்டும் ஜன்னல் கம்பியும் சொந்தமாகவே செய்துவிடுகிறோம். அதே கையோடு ஒரு ட்ரெய்லரும் கட்டினால் என்ன என்று தோன்றும். தாராளமாகக் கட்டலாம். ஆனால் கேட்டில் வெல்டிங் விட்டால் கேட்தான் சாயும். ட்ரெய்லரில் விட்டால், பின்னால் வருகிற காரின் மேல் போய் விழும்.

முதலில் சட்டம். ட்ரெய்லரும் அதற்கு அனுமதித்த முழுச் சுமையும் சேர்ந்த மொத்த எடை 750 கிலோவைத் தாண்டினால், கார் ஓட்டுவதற்கான சாதாரண பி உரிமம் போதாது, கனமான ட்ரெய்லர் இழுப்பதற்கான ஈபி உரிமம் வேண்டும். ட்ரெய்லருக்கு பிரேக்கும் கட்டாயம். வீட்டில் கட்டியதானாலும் பதிவும் தகுதிச் சோதனையும் இல்லாமல் ரோட்டில் இறக்க முடியாது. அதற்கு என்னென்ன தாள்கள் வேண்டும் என்பதை இரும்பு வாங்குவதற்கு முன்பே உரிம அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

இனி, நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. பலர் அச்சை, அதாவது சக்கரங்கள் இரண்டையும் தாங்கும் ஆக்சிலை, பெட்டிக்கு நேர் நடுவில் வைத்துவிடுகிறார்கள். பார்க்க அழகாக இருக்கும், கையால் தள்ளவும் சுலபம். ஆனால் சுமை கொஞ்சம் பின்னால் நகர்ந்தாலே, ட்ரெய்லரைக் காரோடு கோக்கும் கப்ளர் மேலே தூக்கும். வேகம் கூடக் கூட ட்ரெய்லர் வாலாட்டத் தொடங்கும், கடைசியில் காரையே இழுத்துப் புரட்டிவிடும். மொத்த எடையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு கப்ளரில் அழுந்த வேண்டும். பெட்டி 2.4 மீட்டர் நீளம், அதன் முன்விளிம்பிலிருந்து கப்ளர் 1.2 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அச்சை நடுவிலிருந்து 25 செ.மீ. பின்னால் தள்ளுங்கள். 600 கிலோவைச் சமமாகப் பரப்பினால் கப்ளரில் 57 கிலோ போல விழும். கப்ளரை மாட்டுகிற, உங்கள் காரின் பின்னாலுள்ள டோ பார் அவ்வளவு தாங்குமா என்று கார் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டி முடித்ததும் சுமையை ஏற்றி, சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, கப்ளரின் கீழே ஒரு மரத்துண்டை முட்டுக் கொடுத்து, அதன் அடியில் வீட்டில் உடல் எடை பார்க்கிற தராசை வையுங்கள். தெரிந்துவிடும்.

அடுத்தது, பெட்டியைக் கப்ளரோடு இணைக்கும் இழுவைக் கட்டமைப்பு. 'ஏ' வடிவத்தில் வரும் அதன் இரண்டு குழாய்களையும் பெட்டியின் முன்விளிம்போடு நிறுத்தி வெல்டிங் செய்யாதீர்கள். அடித்தளத்தின் கீழே ஸ்பிரிங் தாங்கி வரை கொண்டுபோங்கள். அதிகமாக வளைகிற இடமே அந்த முன்விளிம்புதான். அங்கே குழாய்க்குக் குறுக்கே வெல்டிங் கோடு விழுந்தால் விரிசல் அதிலிருந்துதான் கிளம்பும். குழாயின் நீளவாக்கில் போடுங்கள்.

அச்சு, பேரிங், கப்ளர் மூன்றையும் புதிதாக வாங்குங்கள். அச்சிலும் கப்ளரிலும் தாங்கும் எடை பொறித்திருக்க வேண்டும். மிச்சம் பிடிக்க நினைத்தால் பக்கப் பலகையில் பிடியுங்கள். சக்கரம் உங்கள் கார் சக்கரத்தோடு போல்ட் அளவிலும் விட்டத்திலும் ஒத்திருந்தால் ஒரே ஸ்டெப்னி இரண்டுக்கும் ஆகும். அப்புறம் நம் டர்பன் உப்புக் காற்று! குழாய்க்குள் தண்ணீர் தேங்கினால் உள்ளிருந்தே துரு தின்னும், வெளிப் பெயிண்ட் பளபளவென்றே இருக்கும். திறந்த முனைகளை மூடி வெல்டிங் செய்யுங்கள்.

சுமை ஏற்றுவதிலும் அதே கணக்குத்தான். புனித வெள்ளிக்கு மவுண்ட் எட்ஜ்கம்ப் மாரியம்மன் கோயிலுக்கு அண்டாவும் அரிசி மூட்டையும் கொண்டுபோகிறீர்களா? மூட்டைகள் அச்சுக்குச் சற்று முன்னால், அடியில். நாற்காலிகள் பின்னால். எதுவும் நகராதபடி கட்டுங்கள். ஃபீல்ட்ஸ் ஹில் போன்ற இறக்கத்தில் உச்சியிலேயே கியரைக் குறைத்துவிடுங்கள். அப்படியும் ஆடினால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள், ஸ்டியரிங்கை நேராகப் பிடியுங்கள், பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். ஆட்டம் நின்றதும் ஓரம் கட்டி, சுமையை முன்னால் நகர்த்திய பிறகே கிளம்புங்கள்.

முதல் பயணத்தில் கொஞ்ச தூரம் போனதும் நிறுத்தி, சக்கர நட்டுகளை இன்னொரு முறை முறுக்கிவிடுங்கள். சக்கர மையத்தைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் பேரிங் இறுக்கம் அதிகமாக இருக்கலாம். சரி செய்யாமல் மேலே போகாதீர்கள். நன்றி, வணக்கம்.