அதிவேக ஈனுலையால் அணுக்கழிவுச் சிக்கல் குறையுமா, கூடுமா? ‘குறையும்’ அணியின் உரை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, மன்னார்குடிப் பெருமக்களே, இந்தப் பனியிலும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம்.

அதிவேக ஈனுலை என்றால், வேகமான நியூட்ரான் துகளால் புளூட்டோனியத்தை எரிக்கவும், புதிதாக ஈனவும் கூடிய அணு உலை. எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் ஒரு கணக்குப் போட்டார். அணு உலைக்குள் உண்டாகிற புளூட்டோனியம்-239 பாதியாகக் குறைய 24,100 ஆண்டு ஆகும். கரிகாலன் கல்லணை கட்டி ஏறக்குறைய 2,000 ஆண்டு. ஆக, பன்னிரண்டு கல்லணைக் காலம் காவல் காக்க வேண்டிய நஞ்சை நம் பிள்ளைகள் தலையில் கட்டலாமா என்று கேட்டார். கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று.

கணக்கு சரி அண்ணே. ஆனால் அது எங்கள் அணிக்கு வேண்டிய கணக்கு. ஏனென்றால் அந்த நஞ்சு ஏற்கெனவே வந்துவிட்டது. கல்பாக்கத்தில் சென்னை அணுமின் நிலையம் 1983-இல் இயங்கத் தொடங்கியது. கூடங்குளத்தின் முதல் உலை 2013-இல். நாளைக் காலையில் அத்தனை உலைகளையும் இழுத்துப் பூட்டினாலும், இத்தனை ஆண்டுகளில் அவற்றுக்குள் உண்டான புளூட்டோனியம் மறைந்துவிடாது. உலை வேண்டுமா வேண்டாமா என்பது ஒரு கேள்வி. இருப்பதை என்ன செய்வது என்பது வேறு கேள்வி. இன்றைய தலைப்பு இரண்டாவது கேள்வி.

எரிந்து முடிந்த எரிபொருளுக்குள் என்னதான் இருக்கிறது? கல்பாக்கத்தில் கனமான வகைத் தண்ணீரைப் பயன்படுத்தும் கனநீர் உலையிலிருந்து வெளியே எடுக்கும் எரிபொருள் கட்டுக்குள் நூற்றுக்கு 98 பங்குக்கு மேல் யுரேனியம்தான். அணு பிளந்து உண்டான சீசியம், ஸ்ட்ரான்சியம் வகையறா ஒரு பங்குக்கும் கீழே. புளூட்டோனியம் அரைப் பங்குக்கும் கீழே. சீசியம்-137, ஸ்ட்ரான்சியம்-90 இரண்டுக்கும் அரை ஆயுள், அதாவது பாதியாகத் தேயும் காலம், சுமார் 30 ஆண்டு. 300 ஆண்டில் அவை ஆயிரத்தில் ஒரு பங்காகத் தேய்ந்துவிடும். அது சின்னக் காலம் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் மனிதர் பொறுப்பெடுத்துக்கொள்ளக்கூடிய காலம். அதைத் தாண்டி ஆயிரக்கணக்கான ஆண்டுகளுக்கு இழுத்துக்கொண்டு போவதில் பெரும்பங்கு அந்த அரைப் பங்கு புளூட்டோனியமும், அதோடு பிறக்கிற அமெரிசியம், நெப்டியூனியம், கியூரியமும்தான்.

இவற்றைச் சாதாரண உலையில் எரிக்கக்கூடாதா என்று கேட்பீர்கள். அங்கே அணுவைப் பிளக்கிற நியூட்ரானின் வேகத்தைத் தண்ணீரால் குறைத்துவிடுகிறார்கள். மெதுவான நியூட்ரான் புளூட்டோனியம்-239-ஐப் பெரும்பாலும் பிளக்கும்; சில சமயம் பிளக்காமல் உள்ளேயே தங்கிவிடும். தங்கினால் அது புளூட்டோனியம்-240. அந்த 240 மெதுவான நியூட்ரானுக்குப் பிளந்து கொடுக்காது. இன்னொரு நியூட்ரானை விழுங்கி 241 ஆகும். இப்படி ஒவ்வொரு படியாக ஏறி, கையாளவே கடினமான சரக்காகிவிடும். வேகமான நியூட்ரான் 240-ஐயும் பிளக்கும், அமெரிசியத்தையும் பிளக்கும். பிளந்த துண்டுகளில் பெரும்பாலானவை அந்த 300 ஆண்டுக் கணக்குக்குள் வந்துவிடும். இதற்காகத்தான் அதிவேக உலையில் தண்ணீரை விட்டுவிட்டுத் திரவ சோடியத்தை ஓடவிடுகிறார்கள். சோடியம் நியூட்ரானின் வேகத்தை அவ்வளவாகக் குறைப்பதில்லை.

எதிரணித் தலைவர் அக்கா சொன்னார்: “அவசரம் என்ன? கழிவு, அதைக் குளிர்விக்கும் தண்ணீர்க் குளத்துக்குள் பத்திரமாகக் கிடக்கட்டும். நல்ல வழி பிறக்கும்போது பார்த்துக்கொள்வோம்.” அக்கா, நீங்கள் நிதானமாகத்தான் சொல்கிறீர்கள். ஆனால் குளத்துக்குள் கிடப்பது சும்மா கிடப்பதில்லை. புளூட்டோனியம்-241-க்கு அரை ஆயுள் வெறும் 14 ஆண்டு. அது சிதைந்து அமெரிசியம்-241 ஆகிறது. அமெரிசியத்தின் அரை ஆயுள் 432 ஆண்டு. காமாக் கதிரும் வரும், வெப்பமும் வரும். 2010-இல் குளத்தில் இறக்கிய எரிபொருள் கட்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல எரிபொருளாக இருந்த 241-இல் பாதிக்கு மேல் இந்நேரம் அமெரிசியமாகிவிட்டது. நாம் முடிவெடுக்காமல் இருந்த அந்த ஆண்டுகளில் அது தானாக மாறிக்கொண்டிருந்தது.

“ஈனுலை புளூட்டோனியத்தைப் பெருக்கத்தானே கட்டுகிறார்கள், பிறகெப்படிக் குறையும்?” என்றும் கேட்டார்கள். நியாயமான கேள்வி. உலையின் மையத்தைச் சுற்றி யுரேனியத்தைப் போர்த்தி வைத்தால் புளூட்டோனியம் பெருகும். அந்தப் போர்வையை எடுத்துவிட்டால் அதே உலை புளூட்டோனியத்தைத் தின்னும். ரஷ்யாவின் பிஎன்-800 என்ற அதிவேக உலை 2022-இல் முழுக்க யுரேனிய-புளூட்டோனியக் கலவை எரிபொருளுக்கு மாறியது. 2024-இல் அமெரிசியமும் நெப்டியூனியமும் கலந்த கட்டுகளைச் சோதனைக்காக அதில் ஏற்றியிருக்கிறார்கள். கல்பாக்கத்தின் 500 மெகாவாட் ஈனுலை பெருக்குவதற்காக வடிவமைத்ததுதான். அதை நான் மறைக்கப் போவதில்லை. இரண்டும் செய்யக்கூடிய கருவியை எதற்குப் பயன்படுத்தச் சொல்கிறோம் என்பதை மக்கள் கேட்டுப் பெற வேண்டும்.

இனி, இந்தக் கூட்டத்தில் பலர் மனத்தில் இருக்கிற பயத்துக்கு வருகிறேன். ஹைட்ரோகார்பன் குழாயைப் பார்த்த மண் இது. 2020-இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வரும்வரை, எப்போது எந்த வயலில் எவன் துளை போடுவான் என்று தூங்காமல் கிடந்தவர்கள் நாம். நாகப்பட்டினத்தில் 2004 டிசம்பர் 26-ஆம் தேதி அலை கொண்டுபோனவர்களை இன்னும் நினைத்து அழுகிற வீடுகள் இருக்கின்றன. அதே அலைதான் அன்று கல்பாக்கத்தில் ஈனுலைக்குத் தோண்டிய அடித்தளக் குழிக்குள்ளும் புகுந்தது. பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த உலை பாதுகாப்பாக நிறுத்தப்பட்டது. ஃபுகுஷிமாவில் நடந்தது வேறு: உலை நின்றது, ஆனால் மின்சாரம் போனதால் குளிர்விக்க முடியவில்லை. கல்பாக்க ஈனுலையில் மிச்ச வெப்பத்தை வெளியேற்றும் சுற்று, பம்பு நின்றாலும் சோடியம் சூடாகி மேலே ஏறிக் குளிர்ந்து கீழே இறங்குகிற இயற்கை ஓட்டத்திலேயே வேலை செய்யும்படி கட்டப்பட்டது. வெப்பம் காற்றுக்குப் போய்விடும்.

சோடியம் ஆபத்தில்லாததா? ஆபத்துதான். காற்றுப் பட்டால் பற்றும், தண்ணீர் பட்டால் வெடிக்கும். அந்த உலைக்கு 1,750 டன் சோடியம் வேண்டும். அண்ணன் ஜப்பானின் மோஞ்சு ஈனுலையைச் சொன்னார். 1995 டிசம்பரில் அங்கே சோடியக் குழாய்க்குள் செருகியிருந்த வெப்பமானியின் உறை, ஓட்டத்தின் அதிர்வில் முறிந்தது. அரை டன்னுக்கு மேல் சோடியம் கொட்டித் தீப்பிடித்தது. கதிர்வீச்சு இல்லாத இரண்டாம் சுற்றுச் சோடியம் அது, ஒருவருக்கும் காயமில்லை. அப்படியும் ஏன் அந்த உலை எழுந்திருக்கவே இல்லை? நடத்தியவர்கள் விபத்து நடந்த அறையைப் படம் பிடித்துவிட்டு, மோசமான காட்சிகளை வெட்டி வெளியிட்டார்கள். அது அம்பலமானதும் மக்கள் நம்பிக்கை போயிற்று. 2010-இல் மறுபடி ஓட்டிப் பார்த்தார்கள், நிலைக்கவில்லை. 2016-இல் மூடுவதென்று முடிவானது. கல்பாக்கத்துச் சிறிய சோதனை ஈனுலையும் 1985-இல் தொடங்கி, 1987-இல் எரிபொருள் மாற்றும்போது நேர்ந்த கோளாறால் இரண்டு ஆண்டு நின்றது. பிறகு எழுந்தது, 2022-இல் வடிவமைத்த முழுத் திறனான 40 மெகாவாட் வெப்பத்தைத் தொட்டது. கோளாறு வரும். வந்த அன்றே, வந்தபடியே மக்களுக்குச் சொல்ல வேண்டும். இதை அணுசக்தித் துறையிடம் கேட்பதில் எதிரணியைவிட எங்கள் அணி உரக்கக் கேட்கும்.

கல்பாக்கத்தின் 500 மெகாவாட் ஈனுலைக்குச் செலவு கூடியது, உலை தாமதமானது என்றீர்கள். 3,492 கோடி என்று தொடங்கியது, 5,677 கோடியாகி அதற்கும் மேலே போனது. 2010-இல் முடியும் என்றார்கள், உலையின் மையத்தை நிரப்பும் வேலையே 2024 மார்ச்சில்தான் தொடங்கியது. உண்மை. இதற்குக் கணக்குக் கேளுங்கள், நானும் கூட வருகிறேன்.

இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். எல்லாவற்றையும் எரித்து முடித்தாலும் டெக்னீசியம்-99 போலச் சில மிஞ்சும். டெக்னீசியம்-99-க்கு அரை ஆயுள் இரண்டு லட்சம் ஆண்டுக்கு மேல். பிரித்தெடுத்த கழிவைக் கண்ணாடியோடு உருக்கி, துருப்பிடிக்காத எஃகுக் கலத்தில் ஊற்றி, கடைசியில் ஆழமான கெட்டிப் பாறைக்குள்தான் வைத்தாக வேண்டும். பின்லாந்தில் எரிந்து முடிந்த எரிபொருளை அப்படியே வைப்பதற்காக 400 மீட்டருக்குக் கீழே குடைந்திருக்கிறார்கள். நம் வண்டல் மண்ணும் மேலேயே நிற்கிற நிலத்தடி நீரும் இப்படிப் புதைப்பதற்குக் கொஞ்சமும் ஏற்றதில்லை. அந்தப் பேச்சோடு டெல்டா பக்கம் யார் வந்தாலும் முதல் வரிசையில் நிற்பேன். ஆனால் நாட்டில் எங்கே குடைந்தாலும், அதற்குள் இறக்குவது புளூட்டோனியத்தோடு சேர்த்தா, அதை எரித்து எடுத்த பிறகு மிஞ்சியதையா என்பதில் அந்த ஊர்க்காரர்களின் தலையெழுத்து இருக்கிறது.

நடுவர் மணியைத் தொட்டுவிட்டார். அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பரிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். கல்பாக்கத்திலும், மற்ற அணுமின் ஊர்களான தாராப்பூரிலும் ராவத்பாட்டாவிலும் இன்று இருக்கிற புளூட்டோனியத்தை என்ன செய்யச் சொல்கிறீர்கள்? அப்படியே புதைப்பதா, எரிப்பதா, குளத்திலேயே விட்டு அமெரிசியமாக்குவதா? மூன்றில் ஒன்றைச் சொல்லிவிட்டு, அதன்பிறகு ஈனுலை வேண்டாம் என்று பேசட்டும். வாய்ப்புக்கு நன்றி, வணக்கம்.