சின்ன அலுவலகத்துக்கு சர்வர் தேவையா?

நேயர்களுக்கு வணக்கம்.

ஆடிட்டர் அலுவலகம், மொத்த வியாபாரக் கடை, அச்சகம் போன்ற இடங்களில் பெரும்பாலும் ஐந்து முதல் பதினைந்து கணினிகள் இருக்கும். அவற்றை இணைக்க இரண்டு வழி உண்டு. எல்லாக் கணினியும் சமமாக இருந்து, அவரவர் ஃபோல்டரை அவரவரே பகிர்ந்துகொள்வது ‘பியர் டு பியர்’. ஃபைல்களையும் பயனர் கணக்குகளையும் சர்வர் என்ற ஒரே கணினியில் வைத்து, மற்றவை அங்கே போய்க் கேட்பது ‘கிளையன்ட் சர்வர்’.

பத்து கணினியைத் தாண்டினால் சர்வர் வாங்குங்கள் என்று கடையில் சொல்வார்கள். எண்ணிக்கையைப் பிறகு பார்க்கலாம். எந்தக் கணினியை அணைத்தால் மற்றவர்கள் வேலை நின்றுபோகும் என்று முதலில் பாருங்கள். பிரிண்டரும் எப்போதாவது ஒரு எக்செல் ஃபைலும்தான் பகிர்கிறீர்கள் என்றால் பியர் டு பியர் தாராளமாகப் போதும். பில்லிங் டேட்டா முழுக்கக் கணக்காளரின் கணினியில் இருக்கிறது, ஆறு மணிக்கு அவர் அதை அணைத்ததும் கவுன்ட்டரில் பில் போட முடியவில்லை என்றால், உங்களிடம் ஏற்கெனவே ஒரு சர்வர் இருக்கிறது. அதற்குரிய மரியாதைதான் கிடைக்கவில்லை.

அந்தக் கணினியை முதலில் சரிசெய்யுங்கள். மின்சாரம் போய் வந்ததும் ரவுட்டர் அதற்கு வேறு ஐபி எண்ணை, அதாவது நெட்வொர்க் முகவரியைக் கொடுத்துவிடலாம். நேற்று 192.168.1.5, இன்று 192.168.1.9. மற்ற கணினிகளில், பகிர்ந்த ஃபோல்டரைப் பழைய எண்ணில் இணைத்திருந்த இசட் டிரைவில் சிவப்புப் பெருக்கல் குறி விழும். ரவுட்டரில் ஐபி எண்களை வழங்கும் டிஎச்சிபி பக்கத்தில், அந்தக் கணினியின் மேக் முகவரிக்கு (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) ஒரே எண்ணை ஒதுக்கிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. பவர் அமைப்பில் ஸ்லீப்பை ‘நெவர்’ என்று வையுங்கள். சாதாரண விண்டோஸ் 10, 11 ஒரே நேரத்தில் 20 இணைப்புக்கு மேல் ஏற்காது என்பதும் நினைவில் இருக்கட்டும்.

பியர் டு பியர் உண்மையில் திணறுவது பாஸ்வேர்டில். எட்டுப் பேர், எட்டுக் கணினி; எல்லாரும் எல்லாவற்றையும் திறக்க, கணினிக்கு எட்டாக 64 பயனர் கணக்குகள் வேண்டும். ஒருவர் வேலையை விட்டுப் போனால் எட்டு இடத்தில் நீக்க வேண்டும். சலித்துப்போய் ‘எவ்ரிஒன், ஃபுல் கன்ட்ரோல்’ என்று, யாரும் எதையும் செய்யும்படி திறந்துவிடுகிறார்கள். பிறகு யாரோ ஒருவர் மின்னஞ்சலில் வந்த போலி இன்வாய்ஸைத் திறந்தால், ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் அவர் கணினியோடு நிற்காமல் இசட் டிரைவையும் பூட்டிவிடும். விண்டோஸ் 11 ப்ரோவின் 24எச்2 பதிப்பு, பாஸ்வேர்டு இல்லாத ஷேரை, அதாவது பகிர்ந்த ஃபோல்டரைத் திறக்கவே மறுக்கிறது. அப்டேட் ஆன மறுநாள் ஷேர் போய்விட்டது என்பவர்கள், பாதுகாப்பைத் தளர்த்தாமல் ஷேருக்குப் பயனர் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்துவிடுங்கள்.

இரண்டுக்கும் நடுவே நாஸ் பெட்டி இருக்கிறது; நெட்வொர்க்கில் நேரடியாக இணையும் ஹார்ட் டிஸ்க் பெட்டி அது. பத்துப் பேர் வரையுள்ள அலுவலகத்துக்கு என் சிபாரிசு அதுதான். இரண்டு ஹார்ட் டிஸ்க், இரண்டிலும் ஒரே டேட்டாவை எழுதும் ரெய்டு 1. ஒன்று பழுதானாலும் மற்றதில் வேலை ஓடும். ஆனால் ரெய்டு பேக்கப் ஆகாது. தவறி அழித்த ஃபைல் இரண்டிலும் சேர்ந்தே அழியும். தனியாக யுஎஸ்பி டிஸ்கில் நகல் எடுத்து, கழற்றி வையுங்கள். சில கணக்கு மென்பொருள்களுக்கு விண்டோஸ் கணினிதான் வேண்டும். நாஸ் வாங்கும் முன் மென்பொருளை விற்றவரிடம் கேட்டுவிடுங்கள்.

ஆளுக்கு ஆள் அனுமதி மாறுகிறது, ஊழியர்கள் வருவதும் போவதுமாக இருக்கிறார்கள் என்றால் டொமைனோடு, அதாவது எல்லாப் பயனர்களையும் ஒரே இடத்தில் நிர்வகிக்கும் அமைப்போடு, முழு சர்வர் வேண்டும். விண்டோஸ் ஹோம் பதிப்பு டொமைனில் சேராது. ப்ரோவுக்கு மாற்றும் செலவையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். சேர்ந்த பிறகு, கணினிகளின் டிஎன்எஸ் முகவரி (பெயரை வைத்து ஐபி எண்ணைத் தேடும் இடம்) சர்வரைக் காட்ட வேண்டும். இன்டர்நெட் வேகமாக வரட்டுமே என்று கூகுளின் 8.8.8.8 போட்டால் டொமைனையே கண்டுபிடிக்காது. மதர்போர்டின் பட்டன் பேட்டரி தீர்ந்து கடிகாரம் சர்வரின் நேரத்திலிருந்து ஐந்து நிமிடத்துக்கு மேல் பிசகினாலும் ஷேர் திறப்பதில் சிக்கல் வரலாம்.

எந்த வழியானாலும் நெட்வொர்க் கேபிளின் எட்டுக் கம்பிகளையும் இணையுங்கள். நான்கோடு விட்டால், கணினிகளை இணைக்கும் ஜிகாபிட் சுவிட்சும் (1000 எம்பிபிஎஸ்) 100 எம்பிபிஎஸ்ஸில்தான் ஓடும். பில்லிங் கணினிகளை வைஃபையில் விடாதீர்கள். எழுதும்போது இணைப்பு அறுந்தால் டேட்டா ஃபைல் கெட்டுப்போகலாம். சர்வரை யுபிஎஸ்ஸில் போட்டுவிட்டு சுவிட்சை மறந்துவிடுகிறவர்கள் நிறைய. மின்சாரம் போன நொடியில் சர்வர் ஓடிக்கொண்டிருக்கும், யாராலும் அதை எட்ட முடியாது. சுவிட்சுக்கும் யுபிஎஸ்ஸில் ஓர் இடம் ஒதுக்குங்கள்.

நன்றி, வணக்கம்.