பாட்டுக்கும் படத்துக்கும் ஒரே செட்: முன்னாடி இருக்கும் இரண்டு ஸ்பீக்கர் யாருக்குச் சொந்தம்?

[காட்சி: ஹால். டிவிக்கு இரண்டு பக்கமும் ஸ்பீக்கர், எதிரே சோபா.]

வணக்கம். காலையில் பாட்டு, ராத்திரியில் படம். இரண்டுக்கும் எங்கள் வீட்டில் இந்த ஒரே ஹால்தான். தனித்தனி செட் வைக்க இடம் கிடையாது. உங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்றால், இந்த வீடியோ உங்களுக்கு.

5.1 ரிசீவர், அதாவது ஐந்து ஸ்பீக்கருக்கும் ஒரு சப்வூஃபருக்கும் (அடிச்சத்தத்துக்கான ஸ்பீக்கர்) சத்தத்தைப் பிரித்து அனுப்பும் பெட்டி, வாங்கிய பலரும் சொல்லும் குறை ஒன்று உண்டு: "படம் அருமை, பாட்டுதான் உயிரில்லாமல் இருக்கிறது." உடனே ரிசீவரைத் திட்டவேண்டாம். முதலில் ரிமோட்டை எடுத்து எந்த மோடில் பாட்டு ஓடுகிறது என்று பாருங்கள். எல்லா ஸ்பீக்கரிலும் பாட்டைப் பரப்பும் மோடில் இருந்தால் பாடகர் உங்களைச் சுற்றி நிற்பார், எதிரே நிற்கமாட்டார். 'ஸ்டீரியோ'வுக்கு மாற்றுங்கள். 'ப்யூர் டைரக்ட்' இன்னும் சுத்தமான வழி. ஆனால் பல ரிசீவர்களில் அதைப் போட்டதும் சப்வூஃபரும், அறைக்கு ஏற்றபடி ஒலியைச் சரிசெய்யும் அறைத் திருத்தமும் நின்றுவிடும். சின்ன ஸ்பீக்கர் வைத்திருப்பவர்களுக்கு ஸ்டீரியோ மோடே நல்லது.

அதற்கும் திருப்தி இல்லையா? சரி, அப்போதுதான் தனி ஸ்டீரியோ ஆம்ப், அதாவது இரண்டு ஸ்பீக்கரை மட்டும் ஓட்டும் ஆம்ப்ளிஃபையர். ரிசீவர் அதே பெட்டிக்குள் ஐந்து, ஏழு சேனல் ஆம்பையும் வீடியோ வேலையையும் அடக்கவேண்டும். ஸ்டீரியோ ஆம்புக்கு இரண்டே சேனல்தான், கொடுத்த காசு முழுக்க அதற்கே போகிறது.

[காட்சி: ரிசீவரின் பின்பக்கம், மிக அருகில். 'ப்ரீ-அவுட்' துளைகள்.]

முன் ஸ்பீக்கர் இரண்டும் ஸ்டீரியோ ஆம்புக்கே சொந்தம். படம் பார்க்கும்போது மட்டும் ரிசீவர் அவற்றை இரவல் வாங்கிக்கொள்ளும். ரிசீவரின் முன் இடது, வலது ப்ரீ-அவுட்டிலிருந்து (ஆம்ப் பெருக்குவதற்கு முந்தைய சிக்னல் வெளியே வரும் துளை) ஆர்.சி.ஏ. கேபிள் ஒரு ஜோடி, ஆம்பின் 'ஹோம் தியேட்டர் பைபாஸ்' இன்புட்டுக்கு. சென்டர், சரவுண்டு, சப்வூஃபர் எல்லாம் ரிசீவரிலேயே இருக்கட்டும். பைபாஸில் ஆம்பின் வால்யூம் குமிழ் வேலை செய்யாது. சத்தம் முழுக்க ரிசீவரின் கையில். பாட்டு வரும் கருவியை நேராக ஆம்பில் மாட்டியிருந்தால், பாட்டு கேட்கும்போது ரிசீவரை அணைத்துவிடலாம். விலை குறைந்த ரிசீவர்களில் ப்ரீ-அவுட் பெரும்பாலும் இருக்காது, வாங்கும் முன்பே பின்பக்கத்தைப் பாருங்கள்.

ஆம்பில் பைபாஸ் இல்லையென்றால் சாதாரண இன்புட்டும் போதும். குமிழை ஒரே இடத்தில் நிறுத்தி, அதில் வைத்தே ரிசீவரின் மைக் அளவீட்டை (மைக்கை வைத்து ஸ்பீக்கர்களின் சத்தத்தைச் சரிசெய்வது) செய்யுங்கள். ஆனால் ஒரு எச்சரிக்கை. ஒருநாள் படம் முடிந்ததும் குமிழைக் குறைக்காமல் நேராகப் பாட்டுக்கு மாற்றிவிட்டேன். பக்கத்து அறையில் தூங்கிய குழந்தை அலறி எழுந்தது. அன்றிலிருந்து குமிழைக் குறைத்த பிறகுதான் இன்புட்டை மாற்றுகிறேன்.

இன்னொன்று, இதைச் செய்யவே கூடாது: ஒரே ஸ்பீக்கருக்கு இரண்டு ஆம்பின் ஸ்பீக்கர் வயரையும் சேர்த்து மாட்டுவது. ஒன்று மற்றொன்றை எரித்துவிடக்கூடும்.

[காட்சி: தரையில் டேப் ஒட்டி முக்கோணம்.]

அப்புறம், ஸ்பீக்கர் வைக்கும் இடம். இதில் நமக்கு அதிர்ஷ்டம் இருக்கிறது. 5.1-க்கான ஐ.டி.யு. (சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம்) தரம் முன் ஸ்பீக்கர்களை நடுவிலிருந்து பக்கத்துக்கு 30 டிகிரி என்கிறது. ஸ்டீரியோவுக்கும் அதே கணக்குதான், மூன்று பக்கமும் சமமான முக்கோணம். ஆக, படத்துக்காகப் பாட்டை விட்டுக்கொடுக்கத் தேவையில்லை. சென்டர் ஸ்பீக்கர் மட்டும் முன் ஸ்பீக்கர்களின் அதே மாடல் வரிசையில் வாங்குங்கள். இல்லையென்றால் திரையில் ஒருவர் இடமிருந்து வலமாக நடந்துகொண்டே பேசும்போது நடுவில் அவர் குரலே மாறிவிடும்.

இப்போது ஒரு சோதனை. ஒற்றைக் குரலில் பாடிய பாட்டு ஒன்றை ஸ்டீரியோவில் போட்டு, சோபாவின் நடுவில் உட்கார்ந்து கண்ணை மூடுங்கள். சென்டர் ஸ்பீக்கர் ஓடாதபோதும் அந்த நடு இடத்திலிருந்து, டிவிக்குள்ளிருந்து வருவதுபோல் குரல் வரவேண்டும். ஒரு பக்கம் சாய்ந்தால் முதலில் அளவு டேப்பை வைத்துத் தூரத்தை அளந்து பாருங்கள். அநேகமாக ஒரு ஸ்பீக்கர் உங்களுக்குக் கொஞ்சம் கிட்டே இருக்கும். அதைத் துளித் துளியாகப் பின்னால் தள்ளி, மறுபடி உட்கார்ந்து கேளுங்கள்.