விவாகரத்து கேஸ்: வக்கீல் பீஸ் யார் கட்டணும்?

வணக்கம் மக்களே. பாலக்கோட்டுப் பக்கம் ஒரு தங்கச்சி, வக்கீலுக்கு அட்வான்ஸ் கொடுக்கக் கம்மலை அடகு வைத்துவிட்டு வந்து கேட்டாள்: “அக்கா, விவாகரத்து கேட்டு கேஸ் போட்டது அவர். என் பீஸை நான் ஏன் கட்டணும்?”

நியாயமான கேள்வி. கேஸ் போட்டவரே எதிர்த்தரப்பு பீஸையும் கட்டணும் என்று நம் சட்டத்தில் கிடையாது. பொதுவாக அவரவர் வக்கீலுக்கு அவரவர்தான். ஆனால் இந்து திருமணச் சட்டம் 1955, பிரிவு 24 இருக்கிறது. போதிய சொந்த வருமானம் இல்லாத மனைவி, கேஸ் நடக்கும்போதே இடைக்கால ஜீவனாம்சமும் வழக்குச் செலவும் கணவரிடம் கேட்கலாம். வருமானம் இல்லாத கணவரும் மனைவியிடம் கேட்கலாம். நோட்டீஸ் சேர்ந்து 60 நாளுக்குள், கூடுமானவரை, அந்த மனுவை முடிக்கணும் என்கிறது சட்டம். நடப்பில் வாய்தா மேல் வாய்தா போகும். அதனால் ஆரம்பத்திலேயே போட்டுவிடுங்கள்.

எனக்கு மனசு ஆறாத விஷயம், மாச ஜீவனாம்சம் மட்டும் கேட்டுவிட்டு வழக்குச் செலவை விட்டுவிடுகிறார்கள். ஓசூர் கம்பெனியில் வேலை பார்க்கிற பெண் தர்மபுரி கோர்ட்டுக்கு வந்துபோனால் பஸ் காசும் போச்சு, அன்றைய சம்பளமும் போச்சு. பீஸ், டைப்பிங், ஜெராக்ஸ், பஸ் எல்லாவற்றையும் எழுதிக் கேளுங்கள். கேட்டது முழுசாகக் கிடைக்காது. இரண்டு பேர் வருமானத்தையும் பார்த்துத்தான் கோர்ட் ஒரு தொகை போடும். அதற்காகத்தான் 2020-ல் ரஜ்னேஷ் எதிர் நேகா தீர்ப்பில் சுப்ரீம் கோர்ட், இருவரும் வருமானம், சொத்து, கடன் விவரத்தைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்யச் சொன்னது. ‘எனக்கு வேலையே இல்லை’ என்று வாயால் சொன்னால் மட்டும் போதாது.

பிள்ளை யாரிடம் இருப்பது என்ற பிரச்சினையா? விவாகரத்து கேஸ் நடந்துகொண்டிருந்தால், இந்து திருமணச் சட்டம் பிரிவு 26-ன் கீழ் அதே கோர்ட்டில் மனு போடலாம். தனி கேஸ் போட்டு அலைய வேண்டாம்.

அப்புறம், கம்மலைக் கழற்றும் முன்னாடி ஒன்று செய்யுங்கள். 1987-ம் வருஷ சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இலவச வக்கீல் உண்டு. வருமானம் எவ்வளவு என்று பார்ப்பதே இல்லை. பட்டியல் சாதி, பழங்குடி ஆண்களுக்கும் அப்படித்தான். சித்தேரி மலை அண்ணன்களே, உங்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள். வழி தெரியவில்லையா, சட்ட உதவி எண் 15100-க்குப் போன் போடுங்கள். ஏற்கெனவே கேஸ் நடக்கிறவர்கள் இன்றைக்கே உங்கள் மனு நகலை எடுத்துப் பாருங்கள். வழக்குச் செலவு கேட்காமல் விட்டிருந்தால், அடுத்த வாய்தாவுக்குள் அதற்கு மனு போடச் சொல்லி வக்கீலிடம் கேளுங்கள்.