தோலைச் சீவுவதற்கு முன்

தாய்மார்களே, பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வேலூரில் நின்று காய்கறித் தோலைப் பற்றிப் பேசுவதென்றால் இலவம்பாடி முள்ளுக் கத்தரியை விட்டுவிட்டுப் பேச முடியாது. அணைக்கட்டு வட்டாரத்தில் விளையும் இந்தக் காய்க்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கத்தரியைத் தோலோடு சமைப்பது நமக்குப் புதிதல்ல. ஆம்பூர் பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ளும் கத்தரிக்காயும் தோலோடுதான் வேகிறது. ஊதாக் கத்தரியின் தோலில் இருக்கும் நாசுனின் என்ற நிறமி நல்ல ஆக்சிஜனேற்றத் தடுப்பான், அதாவது உடலின் செல்கள் சேதமாவதைத் தடுக்க உதவும் பொருள். ஆனால் அது தண்ணீரில் கரையும். காலையிலேயே நறுக்கித் தண்ணீரில் ஊறப்போட்டால், அந்தத் தண்ணீரைக் கொட்டும்போது நிறமியில் ஒரு பங்கையும் சேர்த்துக் கொட்டுகிறோம். தாளிக்க எண்ணெய் காயும் நேரத்தில் நறுக்கினால் போதும்.

கத்தரியில் இன்னொரு சங்கடம் உண்டு. காய்த்துளைப்பான் புழுவுக்குப் பயந்து அதற்கு மருந்து அதிகம் அடிக்கிறார்கள். தோலைச் சாப்பிடச் சொல்லும் யாரும் கழுவும் முறையையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு டீஸ்பூன் சமையல் சோடா, அதாவது சுமார் 10 கிராம், கரைத்து, நறுக்காத முழுக் காயை 15 நிமிடம் போட்டு வையுங்கள். பிறகு குழாய்த் தண்ணீரில் கையால் தேய்த்து அலசுங்கள். மேலே படிந்த மருந்தில் பெரும்பகுதி இதில் போகும். காய்க்குள் ஊடுருவிய மருந்து எப்படிக் கழுவினாலும் போகாது. அதனால்தான் உழவர் சந்தையில் விளைவித்தவரிடமே, எப்போது மருந்து அடித்தார் என்று கேட்டு வாங்குங்கள் என்கிறேன். மெழுகு பூசிய ஆப்பிளையும் வெள்ளரியையும் தயங்காமல் சீவிவிடலாம்.

“சத்தெல்லாம் தோலில்தான்” என்று பலரும் சொல்கிறார்கள். அது சரியல்ல. உருளைக்கிழங்கின் வைட்டமின் சி, பொட்டாசியம் இரண்டிலும் பெரும்பங்கு சதையில்தான் இருக்கிறது. தோலால் நமக்குக் கிடைக்கும் முக்கியமான லாபம் நார்ச்சத்து. நாளொன்றுக்கு 2000 கலோரி சாப்பிடுபவருக்கு 30 கிராம் நார் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. பாலீஷ் போட்ட வெள்ளைச் சோறு சாப்பிடும் வீட்டில் அந்த அளவு எளிதில் சேராது.

இனி அடுப்படிக்கு வருவோம். பீர்க்கங்காய்த் தோல் துவையல் பல வீடுகளில் தோற்றுப்போவது அரைக்கும்போது அல்ல, சீவும்போது. முதலில் கத்தியை வரம்பின் மேல் ஓட்டி, அந்தக் கூரான விளிம்பை மட்டும் எடுத்து எறியுங்கள்; வாயில் நாராகச் சிக்குவது அதுதான். பிறகு தோலைச் சீவுங்கள். நகம் இறங்காத அளவுக்கு முற்றிய காய் துவையலுக்கு ஆகாது. இரண்டு பிஞ்சுக் காயின் தோலுக்கு, அதாவது ஒன்றரைக் கப்புக்கு, உளுத்தம்பருப்பு இரண்டு மேசைக்கரண்டி, காய்ந்த மிளகாய் நான்கு, நெல்லிக்காய் அளவு புளி, தேங்காய்த் துருவல் கால் கப், கொஞ்சம் பெருங்காயம், உப்பு. பருப்பையும் மிளகாயையும் சிவக்க வறுத்துத் தனியே வையுங்கள். அதே சட்டியில் இரண்டு டீஸ்பூன் நல்லெண்ணெய் விட்டு, தோலைப் புளியோடு சிறு தீயில் ஏழெட்டு நிமிடம் வதக்குங்கள். பளிச்சென்ற பச்சை மங்கி, தோல் சுருண்டு, பச்சை வாடை போக வேண்டும். இந்த இடத்தில் அவசரப்பட்டால் துவையல் புல் வாசம் அடிக்கும், தோலில் ஈரம் நின்று சீக்கிரம் கெட்டும் போகும். ஆறிய பிறகு பருப்பையும் மிளகாயையும் முதலில் கொரகொரப்பாகப் பொடித்து, தேங்காய், உப்பு, பெருங்காயம் போட்டு ஒரு சுற்று, கடைசியில் தோல். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டால் தோல் கூழாகிவிடும், பருப்பு முழுசாக நிற்கும். நம்மூர் வெயிலில் தேங்காய் சேர்த்த துவையலை இரவு வரை வெளியில் வைக்காதீர்கள்.

வாழைக்காய்த் தோலை, கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பொடியாக நறுக்கி, மோர் கலந்த தண்ணீரில் போடுங்கள். மோரின் புளிப்பு அது கறுப்பதைத் தடுக்கும். மஞ்சள்தூள், உப்பு சேர்த்துப் பத்து நிமிடம் வேகவைத்து வடித்து, வெந்த தட்டைப்பயறோடு பொரியல் செய்யலாம். இரும்புச் சட்டியில் வேகவைக்காதீர்கள். தோலில் துவர்ப்பைத் தரும் டானின் என்ற பொருள் இரும்போடு சேர்ந்து கறுத்துப் போகும். கெடுதல் இல்லை, ஆனால் பிள்ளைகள் தொட மாட்டார்கள். தர்பூசணியின் வெள்ளைப் பகுதியைப் பாசிப்பருப்புக் கூட்டாக வைக்கலாம். முக்கால்வாசிக்கு மேல் தண்ணீர்தான், தனியே தண்ணீர் ஊற்ற வேண்டியதில்லை.

இப்போது சொல்வதைத் தயவுசெய்து வீட்டில் எல்லோருக்கும் சொல்லுங்கள். சுரை, பீர்க்கன், வெள்ளரி எதுவானாலும் சமைப்பதற்கு முன் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் துப்பிவிட்டு, காயை முழுதாக எறியுங்கள். குக்குர்பிட்டசின் என்ற அந்தக் கசப்பு நஞ்சு வேகவைத்தாலும் போகாது. கசந்த சுரைச்சாறு குடித்து உயிரிழந்தவர்கள் நம் நாட்டில் உண்டு. பச்சை பாய்ந்த உருளைக்கிழங்குத் தோலில் சோலனின் என்ற நஞ்சு கூடியிருக்கும், அதையும் பொரித்துப் போக்க முடியாது. மரவள்ளித் தோலில் சயனைடு தரும் பொருள் இருக்கிறது. அதைத் தடிமனாகவே உரித்து எறிய வேண்டும்.

நார் பழகாத வயிற்றில் ஒரேயடியாகச் சேர்த்தால் உப்புசம் வரும். வாரத்துக்கு இரண்டு நாள், ஆளுக்கு இரண்டு ஸ்பூன் துவையல் என்று தொடங்கி, தண்ணீரும் நிறையக் குடியுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்குப் பொட்டாசியமும் தண்ணீரும் அளவோடு இருக்க வேண்டும். அவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு வாழைக்காய்த் தோலைச் சேர்க்கட்டும்.