ஒரே ரிப்போர்ட்ல ஏன் ரெண்டு அளவு? ஆண் உடம்பும் பெண் உடம்பும்

[திரையில்: ரத்தப் பரிசோதனைத் தாள். ஹீமோகுளோபின் வரி மட்டும் பெரிதாகிறது.]

ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் ஒண்ணை எடுத்துப் பாருங்க. ஹீமோகுளோபின்னு ஒரு வரி இருக்கும். அதுக்குப் பக்கத்துல ஆணுக்கு ஒரு அளவு, பெண்ணுக்கு ஒரு அளவுன்னு போட்டிருப்பாங்க. உலக சுகாதார நிறுவனம் வச்ச கணக்குப்படி, ஒரு டெசிலிட்டர், அதாவது 100 மில்லி ரத்தத்துல 13 கிராமுக்குக் கீழ இறங்கினா ஆணுக்கு ரத்தசோகை. கர்ப்பமா இல்லாத பெண்ணுக்கு 12-க்குக் கீழ போனாத்தான் ரத்தசோகை.

ஏன் இந்த ஒரு கிராம்? மாசாமாசம் ரத்தம் போகுதில்ல, அதனாலதான்னு டக்குன்னு சொல்லிடுவோம். அதுவும் ஒரு காரணம்தான். ஆனா மாதவிடாய் நின்ன பிறகும் இந்த இடைவெளி முழுசா மூடறதில்ல. இன்னொரு பக்கம், சின்னப் பிள்ளைங்களுக்குப் பையன், பொண்ணுன்னு பிரிக்காம ஒரே அளவுதான் வச்சிருக்காங்க. பையன் வயசுக்கு வரும்போது டெஸ்டோஸ்டிரோன்ங்கிற ஹார்மோன் ஏறுது. அது ஹீமோகுளோபினைச் சுமக்கிற சிவப்பணு உற்பத்தியை முடுக்கி விடுது. அப்பத்தான் ரெண்டு பேரோட அளவும் பிரியுது.

ஆண் உடம்பும் பெண் உடம்பும் எதுல வேறன்னு பட்டியல் போட்டா அது பாட்டுக்கு நீண்டுகிட்டே போகும். எப்பப் பிரியுதுன்னு கேட்டா விஷயம் சட்டுனு பிடிபடும். அதனால நாம அந்த வழியிலயே போவோம்.

[திரையில்: ஆறு வாரக் கரு, கோட்டோவியம்.]

கருவுக்கு ஆறு வாரம் ஆகிற வரைக்கும், ஆணா பெண்ணான்னு உருவத்தைப் பாத்து யாராலயும் சொல்ல முடியாது. மரபணுக்களைச் சுமக்கிற குரோமோசோம் மட்டும் முதல் நாளே முடிவாயிடும். எக்ஸ் எக்ஸ்னா பொதுவா பெண், எக்ஸ் ஒய்னா பொதுவா ஆண். ஆனா உறுப்புகள் இன்னும் எந்தப் பக்கமும் சாயல. உள்ள ஒரு ஜோடி சுரப்பி இருக்கும். அது விதையாவும் ஆகலாம், சினைப்பையாவும் ஆகலாம். கூடவே ரெண்டு ஜோடிக் குழாய். ஒரு ஜோடி கர்ப்பப்பையும் கருக்குழாயும் ஆகக்கூடியது, இன்னொரு ஜோடி விந்துக்குழாய் ஆகக்கூடியது. வேடிக்கை என்னன்னா, ரெண்டு ஜோடியும் எல்லாக் கருவுலயும் இருக்கும்.

ஒய் குரோமோசோம்ல எஸ்.ஆர்.ஒய்-னு ஒரு மரபணு. 1990-ல லண்டன்ல இருந்த ஆய்வாளர்கள் இதைக் கண்டுபிடிச்சாங்க. அடுத்த வருஷமே எக்ஸ் எக்ஸ் எலிக் கருவுக்குள்ள இந்த ஒரு மரபணுவைச் சேர்த்துப் பாத்தாங்க. பெண்ணாப் பிறக்க வேண்டிய எலி, விதையோட ஆண் எலியா வளந்துச்சு. விந்தணு மட்டும் உண்டாகல, அதுக்கு ஒய்-ல இருக்கிற மத்த மரபணுக்களும் வேணும்.

விதை உருவானதும் அது ரெண்டு வேலை பாக்குது. ஒரு ஹார்மோனைச் சுரந்து கர்ப்பப்பைக்கான குழாயைக் கரைச்சிடுது. டெஸ்டோஸ்டிரோனைச் சுரந்து விந்துக்குழாயைத் தக்க வைக்குது. இதை 1947-லயே பிரான்ஸ்ல அல்ஃப்ரெட் ஜோஸ்ட்ங்கிற ஆய்வாளர் முயல் கருவை வச்சுக் காட்டிட்டாரு. வயித்துல இருக்கும்போதே அந்தச் சுரப்பியை எடுத்துட்டா, குரோமோசோம் எதுவா இருந்தாலும் குட்டி பெண் அமைப்போடதான் வளந்துச்சு. இதை வச்சு "ஒண்ணும் செய்யலேன்னா பெண்ணு"ன்னு ரொம்ப நாள் பாடமே நடத்தினாங்க. எனக்கு அந்த வாசகம் பிடிக்கிறதில்ல, அது பாதி உண்மை. சினைப்பை தானா முளைச்சிடாது, அதுக்கும் தனியா மரபணுக்கள் வேலை செஞ்சாகணும்.

[திரையில்: ஒரே மேட்டிலிருந்து இரண்டு வடிவங்கள் விரியும் அசைவோவியம்.]

வெளிய தெரியிற உறுப்பும் இதே கதைதான். ஒரே சின்ன மேடு, ஆணுக்குக் குறியா வளருது, பெண்ணுக்கு யோனிக்காம்பா நிக்குது. பெண்ணுக்கு வெளி உதடுகளா விரிஞ்சு நிக்கிற அதே மடிப்புகள், ஆணுக்கு நடுவுல வந்து ஒட்டிக்கிட்டு விதைப்பையா மாறுது. ஒட்டின இடம் ஒரு தையல் கோடு மாதிரி கடைசி வரைக்கும் இருக்கும். ஆணுக்கு எதுக்கு மார்க்காம்புன்னு சந்தேகம் வந்திருக்கும். டெஸ்டோஸ்டிரோன் வேலையை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே அது அமைஞ்சு முடிஞ்சிடுது, அவ்வளவுதான்.

எக்ஸ் ஒய் இருந்தும் பெண் உடம்போட பிறக்கிறவங்களும் உண்டு. உள்ள விதை இருக்கும், டெஸ்டோஸ்டிரோனும் சுரக்கும். ஆனா அதை வாங்கிக்கிற ஏற்பி வேலை செய்யாததால, செல்களுக்கு அந்தச் சேதி போய்ச் சேராது.

அடுத்து முட்டையும் விந்தணுவும். இந்தக் கணக்கு எனக்கு எப்பவும் மலைப்பாவே இருக்கும். பெண் சிசுவுக்கு வயித்துல ஏறக்குறைய இருபது வாரம் ஆகும்போது 60, 70 லட்சம் முட்டைச் செல்கள் இருக்கும். பிறக்கும்போது 10-லிருந்து 20 லட்சம். வயசுக்கு வரும்போது மூணு, நாலு லட்சம். வாழ்நாள் முழுக்க முதிர்ந்து வெளிய வர்றது 400, 500தான். அப்படின்னா, நீங்க உருவாகக் காரணமான அந்த முட்டை, உங்க அம்மா உங்க பாட்டி வயித்துல இருந்தப்பவே அங்க இருந்திருக்கு.

ஆண் பக்கம் கணக்கே வேற. வயசுக்கு வந்த பிறகுதான் விந்தணு உற்பத்தி ஆரம்பிக்குது. ஒரு விந்தணு உருவாகி முடிய ரெண்டரை மாசத்துக்குப் பக்கம் ஆகும், ஆனா தினமும் கோடிக்கணக்குல தயாராகிட்டே இருக்கும். அதுக்கு உடம்புச் சூட்டை விட ரெண்டு, மூணு டிகிரி குறைவா வேணும். விதைப்பை வெளிய தொங்கறது அதுக்குத்தான்.

[திரையில்: பத்து வயதுப் பையனும் பெண்ணும், பக்கத்துப் பக்கத்தில்.]

பிறந்ததுக்கு அப்புறம் பத்து வருஷம் பெரிய வித்தியாசம் ஒண்ணும் இல்ல. ஓடவிட்டா கிட்டத்தட்ட ஒரே வேகம்தான். வயசுக்கு வரும்போதுதான் ரெண்டாவது தடவை பாதை பிரியுது. பையனுக்குக் குரல்வளை பெருசாகி, குரல் நாண் நீண்டு தடிக்குது. நொடிக்கு 200 தடவைக்கும் மேல அதிர்ந்துகிட்டிருந்தது 110, 120-க்கு இறங்கிடுது. குரல் உடைஞ்சு கீச்சுக் கீச்சுன்னு வர்ற அந்தக் கொஞ்ச காலம், புது நாணை வச்சுப் பழகற காலம். பொண்ணுக்கு இடுப்பெலும்பு அகலமாகுது, கொழுப்பு இடுப்புலயும் தொடையிலயும் சேருது. நூறு மீட்டர் ஓட்டத்துல ஆண்களுக்கான உலக சாதனை 9.58 நொடி, பெண்களுக்கானது 10.49. பத்து சதவீதத்துக்குக் கொஞ்சம் குறைவான இந்த இடைவெளி, பெரும்பாலும் அந்த வயசுக்கு அப்புறம் ஏறுற தசையும் உயரமும் ஹீமோகுளோபினும் சேந்து உண்டாக்கினது.

ஈஸ்ட்ரோஜன்னா பெண் ஹார்மோன், டெஸ்டோஸ்டிரோன்னா ஆண் ஹார்மோன்னு பேசறோமே, அது வசதிக்குச் சொல்றது. ரெண்டும் ரெண்டு பேர் உடம்புலயும் ஓடுது. 1994-ல ஒரு ஆளைப் பத்தி மருத்துவ இதழ்ல எழுதினாங்க. ஈஸ்ட்ரோஜனை வாங்கிக்கிற ஏற்பி அவருக்கு வேலை செய்யல. 28 வயசு, 204 சென்டிமீட்டர் உயரம், இன்னும் வளந்துகிட்டே இருந்தாரு. எலும்பு நுனியில இருக்கிற வளர்ச்சித் தட்டை மூடுறது, ஆணுக்கும் ஈஸ்ட்ரோஜன்தான்.

[திரையில்: கறுப்பும் ஆரஞ்சும் திட்டுத் திட்டாக இருக்கும் பூனை.]

இந்தப் பூனையைப் பாருங்க. கறுப்பும் ஆரஞ்சும் கலந்து இருந்தா அது அநேகமாப் பெண்பூனைதான். பெண்ணோட ஒவ்வொரு செல்லுலயும் ரெண்டு எக்ஸ்ல ஒண்ணு அணைஞ்சிடுது. எது அணையும்ங்கிறது செல்லுக்குச் செல் மாறும். 1961-ல மேரி லயன்ங்கிற மரபியல் ஆய்வாளர் இதை விளக்கினாங்க. பூனைக்கு ஆரஞ்சு நிறத்தைத் தீர்மானிக்கிற மரபணு எக்ஸ்லதான் இருக்கு, அதனால ரோமத்துல இது கண்ணுக்குத் தெரியுது. பெண்களுக்கு உள்ளயும் இதேதான், வெளிய தெரியாது, அவ்வளவுதான். ஆணுக்கு இருக்கிறது ஒரே எக்ஸ். அதுல நிறம் பாக்கிற மரபணு கெட்டுப்போனா மாத்து இல்ல. சிவப்பு பச்சை பிரிச்சுப் பாக்க முடியாத குறை ஆண்கள்கிட்ட அதிகமா இருக்கறது அதனாலதான். மறுபக்கம், உடம்பு தன்னையே தாக்குற நோய்கள் பெண்களுக்குத்தான் அதிகம். லூபஸ் வந்த பத்துப் பேர்ல ஒன்பது பேர் பெண்கள்.

ஒண்ணு சொல்லிடறேன். நான் இங்க சொன்ன பல எண்கள் சராசரி. பல ஆண்களை விட உயரமான பெண்கள் இருக்காங்க, பல பெண்களை விடக் குறைஞ்ச பலம் உள்ள ஆண்களும் இருக்காங்க. சராசரியை வச்சு எதிர்ல நிக்கிற ஒருத்தரை அளக்க முடியாது.

ஆனா மருத்துவம் பாக்கும்போது சராசரியும் முக்கியம். சிறுநீர்ப்பையிலிருந்து சிறுநீர் வெளிய வர்ற குழாய் பெண்ணுக்குச் சுமார் 4 சென்டிமீட்டர், ஆணுக்கு 20-க்குப் பக்கம். கிருமி ஏறிப்போக வேண்டிய தூரம் கம்மி, அதான் சிறுநீர்த் தொற்று பெண்களுக்கு அடிக்கடி வருது. மாரடைப்புல ரெண்டு பேருக்குமே நெஞ்சுவலிதான் முக்கிய அறிகுறி. ஆனா கூடவே மூச்சுத் திணறல், குமட்டல், தாடை வலி, காரணமில்லாத அசதின்னு வர்றது பெண்கள்கிட்ட அதிகம். வாயுக்கோளாறா இருக்கும்னு படுத்துடறது ஆபத்தாப் போறது இப்படித்தான்.

மருந்து விஷயம் இன்னும் மோசம். கர்ப்பமாக வாய்ப்புள்ள பெண்களை ஆரம்பக்கட்ட மருந்துச் சோதனைகள்ல சேர்க்க வேண்டாம்னு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 1977-ல வழிகாட்டுதல் போட்டுச்சு. 1993-ல தான் அதை விலக்கிக்கிட்டாங்க. ஸோல்பிடெம்னு ஒரு தூக்க மாத்திரை. 1992-ல அங்க அனுமதி கிடைச்சப்போ ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே 10 மில்லிகிராம். பெண் உடம்பு அதை மெதுவாத்தான் வெளியேத்தும். ராத்திரி போட்ட மாத்திரை காலையில வண்டி ஓட்டும்போதும் ரத்தத்துல மிச்சம் இருந்துச்சு. பெண்களுக்கு 5 மில்லிகிராம்னு குறைச்சது 2013-ல.

[திரையில்: மாத்திரை அட்டை. 10 என்ற எண் அழிந்து 5 ஆகிறது.]