ஏபிஜி ரிப்போர்ட் என்றால் பயமா? வீடியோவை இப்படிப் பாருங்கள்

வணக்கம் உறவுகளே. மட்டக்களப்பிலிருந்து பேசுகிறேன். தாதியம் படிக்கிற தம்பி, தங்கச்சிமாரும் அவர்களுக்குப் படிப்பிக்கிறவர்களும் இதைக் கடைசிவரை பாருங்கள்.

உயர்தரம் வரை தமிழில் படித்த பிள்ளைகளுக்குத் தாதியப் பயிற்சிக்கு வந்ததும் எல்லாம் ஆங்கிலம். அதிலும் இரத்தத்தின் அமில, காரச் சமநிலை, அதைக் காட்டுகிற ஏபிஜி ரிப்போர்ட் (நாடி இரத்தத்தில் உள்ள வாயுக்களைப் பார்க்கும் சோதனை) என்றால் வகுப்பே அடங்கிவிடும். அங்கே யூடியூப் வீடியோ பெரிய உதவிதான். ஆனால் நீளமான வீடியோவை முழுசாக ஓடவிட்டால், விளங்கின மாதிரி இருக்கும். ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்தால் வாய் வராது. ஆகவே நான் நாலைந்து நிமிடத் துண்டுதான் போடுவேன். அதையும் விடை வருவதற்குச் சற்று முன்னால் நிறுத்திவிடுவேன்.

இதைப் பாருங்கள். சீனி வருத்தக்காரர் ஒருவர், இன்சுலினை விட்டுவிட்டார். ஆழமாக, வேகமாக மூச்சு வாங்குகிறது. ரிப்போர்ட்டில் பிஎச் (இரத்தத்தின் அமில, கார அளவு) 7.28, காபனீரொட்சைட்டு 26, பைகாபனேட் (அமிலத்தைச் சமன்செய்கிற காரப் பொருள்) 12. இங்கே வீடியோவை நிறுத்துங்கள். கொப்பியை எடுங்கள்.

முதலில் பிஎச். 7.35இலிருந்து 7.45 வரை இருக்கவேண்டியது குறைந்திருக்கிறது. ஆக, அமிலம் கூடிவிட்டது. காரணம் நுரையீரலா? அப்படியென்றால் காபனீரொட்சைட்டு 45க்கு மேலே போயிருக்க வேண்டும். இங்கே 35க்கும் கீழே நிற்கிறது. சரி, பைகாபனேட்? 22க்குக் குறையக்கூடாது, இவருக்கு 12தான். இன்சுலின் இல்லாமல் உடம்பில் சேர்ந்த கீற்றோன் அமிலங்களைச் சமாளித்தே அது தீர்ந்துபோயிருக்கிறது. இதுதான் மெட்டபொலிக் அசிடோசிஸ், அதாவது நுரையீரலால் அல்லாமல் உடம்பின் அனுசேபக் கோளாறால் அமிலம் கூடுவது.

அப்போ காபனீரொட்சைட்டு ஏன் குறைந்தது? ஆளாளுக்கு ஒரு விடை சொல்லட்டும். பிழையாக இருந்தாலும் சொல்லட்டும், சொன்னால்தான் மனசில் நிற்கும். பிறகு வீடியோவை ஓடவிடுங்கள். நெஞ்சு எவ்வளவு ஆழமாக ஏறி இறங்குகிறது பாருங்கள். இதுதான் குஸ்மால் சுவாசம். அடோல்ஃப் குஸ்மால் 1874இல் விவரித்தது. காபனீரொட்சைட்டை வெளியே தள்ளி அமிலத்தைக் குறைக்க உடம்பு படும் பாடு அது. கரும்பலகையில் எவ்வளவு கீறினாலும் இந்த அசைவைக் காட்ட முடியாது. கண்ணால் கண்ட பிள்ளை, வாட்டில் அப்படி மூச்சு வாங்கும் நோயாளியைப் பதற்றம் என்று நினைத்து விட்டுவிட்டுப் போகாது. உடனே டொக்டருக்குச் சொல்லும்.

இன்னுமொன்று, அமெரிக்க வீடியோக்களில் மருந்துப் பெயர் மாறும். எபினெஃப்ரின் என்பது நம் வாட்டின் அட்ரினலின், அசிட்டமினோஃபென் என்பது பாரசிட்டமோல். படிப்பிக்கிறவர்கள் இதை வீடியோ தொடங்க முன்னமே சொல்லிவிடுங்கள்.

படுவான்கரை, வாகரைப் பக்கப் பிள்ளைகளுக்கு வீட்டில் சிக்னல் சரியாகக் கிடைக்காது. அவர்கள் வைபை உள்ள இடத்திலேயே டவுன்லோட் பண்ணிக்கொள்ளட்டும். வேகத்தை 0.75இல் வைத்தால் உச்சரிப்பும் பிடிபடும்.

சரி, இப்போ உங்களுக்கு ஒரு ரிப்போர்ட். பிஎச் 7.52, காபனீரொட்சைட்டு 30, பைகாபனேட் 24. என்ன நடந்திருக்கிறது, ஏன் என்று கீழே எழுதுங்கள். விடையை அடுத்த வீடியோவில் ஒன்றாகப் பார்ப்போம்.